ராக்கி மலைப் பூங்காவின் இலையுதிர்காலத்தில் கேனான் ஆர்எஃப் 100-500: சில பருவங்கள் பயன்படுத்திய பிறகு

கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இரண்டு காட்சிகள் சேர்ந்தே வருகின்றன. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும். எல்க் மான்கள் இணைசேரப் புல்வெளிகளுக்கு இறங்கும். இரண்டையும் ஒரே லென்ஸில் எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பகிர்வு. கேனான் ஆர்எஃப் 100-500 எஃப்/4.5-7.1 இலைகளுக்கு அற்புதமான லென்ஸ். வெயில் வந்துவிட்டால் மான்களுக்கும் தாராளமாகப் போதும். சூரியன் எழுவதற்கு முந்தைய அரைமணி நேரம்தான் பாடு.

முதலில் அந்தப் பாட்டைப் பார்ப்போம். ஜூமை முழுதாக 500 மி.மீ.க்கு நீட்டினால் இதன் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப்/7.1. எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். எஃப்/4 லென்ஸோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே உள்ளே வரும். அதில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200 போதுமென்றால் இதில் 10,000 வேண்டும். ஆனால் 7.1 ஜூமின் கடைசிப் பகுதியில் மட்டும்தான். சுமார் 250 மி.மீ. வரை எஃப்/5, 360 வரை 5.6, 470 வரை 6.3 கிடைக்கும். ஆகவே விடியலில் 500க்கு இழுக்காமல் 350 பக்கம் நிறுத்தி, மானைச் சிறிதாகவும் பனிமூட்டத்தையும் மலையையும் பெரிதாகவும் வைப்பதே மேல். 350இல் எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிப் பெரிதாக்குவதில் லாபமில்லை. படத்தின் புள்ளி இரைச்சலும் (நாய்ஸ்) சேர்ந்தே பெரிதாகும்.

ஷட்டர் வேகத்தையும் விலங்கின் செயலைப் பார்த்தே வைக்க வேண்டும். ஆண் எல்க் கூவும்போது கழுத்தை நீட்டி, கொம்புகளை முதுகுப் பக்கம் சாய்த்து, சில நொடிகள் அசையாமல் நிற்கும். அதற்கு 1/250 போதும். இரண்டு ஆண்கள் கொம்பு கோத்து மோதும்போது 1/1000க்குக் கீழே போனால் கொம்பு நுனிகள் கரைந்துவிடும். அதனால் இருட்டில் கூவலை எடுங்கள், சண்டைக்கு வெயில் வரட்டும். வாயிலிருந்து எழும் ஆவி படத்தில் தெரிய வேண்டுமானால் குளிர் மட்டும் போதாது. சூரியன் மானுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதற்கும் பின்னால் இருண்ட மரக்கூட்டம் வேண்டும். பூங்காவுக்குள் உள்ள மொரைன் பார்க் புல்வெளியில் பேர் லேக் சாலையோரம் நின்று மேற்கே பார்த்தால் காலை ஒளி முகத்தில் விழும், பின்னணியில் சிகரங்கள் சிவக்கும், ஆவி தெரியாது. ஃபெர்ன் லேக் சாலைப் பக்கம் போய்க் கிழக்கே பார்த்தால்தான் அது கிடைக்கும். ஃபிரேமில் மூக்குக்கு முன்னால் இடம் விடுங்கள். ஆவி அங்கேதான் போகும்.

500 மி.மீ. ஏன் அவசியம் என்பதற்கு விதியே காரணம். எல்க்கிடமிருந்து குறைந்தது 23 மீட்டர், மூஸ் (மிகப் பெரிய மான் வகை), கரடியிடமிருந்து 36 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை மொரைன் பார்க், ஹார்ஸ்ஷூ பார்க் போன்ற புல்வெளிகளில் மாலை 5 முதல் காலை 10 வரை சாலையையும் நடைபாதையையும் விட்டு இறங்கக் கூடாது. நல்ல வெளிச்சமெல்லாம் அந்த நேரத்தில்தான். முழு ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார் உள்ள) கேமராவில் 23 மீட்டரில் இந்த லென்ஸ் 1.66 மீட்டர் அகலத்தையே காட்டும். அதில் தலையும் கழுத்தும் கொம்பும்தான் அடங்கும். 60 மீட்டர் தள்ளி நின்றால் அகலம் 4.3 மீட்டர், முழு மானும் சுற்றிலும் இடமும் வரும். நெருங்கிப் போகிறவர்கள் படத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள், மந்தையையும் கலைக்கிறார்கள். விலங்கு தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அப்போதே பின்வாங்குங்கள். கூவல் ஒலியைப் போட்டு அழைப்பதும், விளக்கடித்துப் பார்ப்பதும், டிரோன் பறக்கவிடுவதும் தடை.

ஃபோகஸில் ஒரு தொல்லை உண்டு. உறைபனி படிந்த புல் வெள்ளைவெளேரென்று மின்னும். தாழ்ந்த கோணத்தில் மான் மேயும்போது கண்ணைத் தேடும் ஃபோகஸ் அந்தப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கப் பட்டனில் கண் ஃபோகஸையும், இன்னொரு பட்டனில் ஒற்றைப் புள்ளியையும் பிரித்து வைத்துக்கொண்டால் உடனே மாறலாம். காரிலிருந்து எடுப்பவர்கள் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வழியாக வெளியேறும் சூடான காற்று படத்தை நெளியவைக்கும். லென்ஸ் மொண்ணை என்று நினைத்துக்கொள்வோம். லென்ஸைத் தாங்கக் கதவின் மேல் அரிசியோ பருப்போ நிரப்பிய துணிப்பை போதும்.

தூரத்தை இன்னும் கூட்டித் தரும் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரை லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் போட்டால் 300 மி.மீ.க்குக் கீழே ஜூம் சுருங்காது. நீண்ட நிலையிலேயே பையில் வைக்க வேண்டும். அபெர்ச்சர் எஃப்/10 ஆகிவிடும். நண்பகல் வெயிலில் தூரத்து மூஸுக்குச் சரி, மூடுபனிக்கு வேண்டாம். லென்ஸை டிரைபாடில் மாட்டும் கால், பலரும் வைத்திருக்கும் ஆர்கா வகை டிரைபாட் தலையில் நேரடியாகப் பொருந்தாது; தனித் தகடு வாங்க வேண்டும்.

இனி இலைகள். இந்த லென்ஸுக்காக மனசு நிறைவது இங்கேதான். பேர் லேக் 2,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே செப்டம்பர் பிற்பாதியில் நிறம் உச்சத்தில் இருக்கும், கீழே அக்டோபர் தொடக்கம்வரை நீடிக்கும். பீர்ஸ்டாட் சரிவின் ஆஸ்பென் தோப்பைச் சாலையிலிருந்தே 300-400இல் எடுத்தால் மஞ்சளும் கரும்பச்சை ஊசியிலை மரங்களும் அடுக்கடுக்காக நெருங்கி நிற்கும். ஆஸ்பென் இலையின் காம்பு தட்டையானது. இலேசான காற்றிலேயே படபடக்கும். அசைவை உறையவைக்க 1/500, நிறம் கலங்கி ஓடுவதுபோல் வேண்டுமானால் டிரைபாடில் ஒரு நொடி. இடையில் 1/30 போல வைத்தால் தவறிப்போன படம் மாதிரியே இருக்கும்.

லென்ஸின் முன்னால் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் 77 மி.மீ. போலரைசர் கட்டாயம். இலையின் மேல் உள்ள வெள்ளைப் பளபளப்பு வானத்தின் பிரதிபலிப்பு. வளையத்தைத் திருப்பத் திருப்ப அது விலகி உள்ளேயுள்ள மஞ்சள் வெளிவரும். மேகமூட்டத்திலும் மழைக்குப் பிறகும்தான் பலன் அதிகம். ஹூட்டின் (லென்ஸ் முனையின் ஒளிமறைப்பின்) பக்கவாட்டுச் சாளரம் வழியாகவே திருப்பலாம். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைப் போலரைசர் விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), விடியல் மானுக்கு முன் கழற்றிவிடுங்கள். வெயிலில் எரியும் மஞ்சளில் சிவப்பு நிறப் பதிவுதான் (சேனல்) முதலில் வரம்பு மீறி விவரம் இழக்கும், கேமராவின் சாதாரண ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) அதைச் சொல்லாது. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பார்த்து 2/3 ஸ்டாப் குறையுங்கள். நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மஞ்சளைக் குறைபாடாக நினைத்து நீலம் கலக்கும். 5200 கெல்வினில் நிறுத்திவிடலாம்.

500 மி.மீ.யில் 1.2 மீட்டர்வரை நெருங்கலாம், உருப்பெருக்கம் 0.33, அதாவது பொருள் அதன் மூன்றில் ஒரு பங்கு அளவில் சென்சாரில் பதியும். உதிர்ந்து உறைபனி விளிம்பு கட்டிய ஓர் ஆஸ்பென் இலை ஃபிரேமில் பாதி அகலத்தைப் பிடிக்கும். நரம்புகளில் படிகங்கள் ஊசி ஊசியாக நிற்பது தெரியும். எஃப்/7.1இல் கூர்மை ஆழம், அதாவது தெளிவாக விழும் தடிமன், 5 மி.மீ. அளவுதான். சுருண்ட இலைக்கு எஃப்/16 வைத்தாலும் 12 மி.மீ.யைத் தாண்டாது, ஆகவே இலைக்கு நேர் மேலிருந்து, சென்சார் அதற்கு இணையாக இருக்கும்படி எடுங்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும். ஜூம் நீளும் லென்ஸ் என்பதால் பனி படிந்த குழலை அப்படியே உள்ளே இழுக்காமல் துணியால் துடைத்துவிட்டுச் சுருக்குங்கள். அறைக்குத் திரும்பியதும் பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். படங்களை உடனே பார்க்க வேண்டுமென்றால் மெமரி கார்டை வெளியிலேயே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.