கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: டாக்கிங்குக்காகவே இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்

ராக்கெட் கட்டி விண்வெளிக்கு அனுப்பும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமை யூடியூபில் தேடினால் ராக்கெட் வெடிப்பதும், பச்சை முகத்துக் குட்டி ஆட்கள் பயத்தில் பல்லைக் கடிப்பதும்தான் கண்ணில் படும். அந்த வேடிக்கை எனக்கு முதல் வருடத்திலேயே சலித்துவிட்டது. இடம் போதாமல் லேப்டாப்பிலிருந்து எத்தனையோ விளையாட்டுகளை அழித்தாயிற்று. இது மட்டும் தப்பித்துக்கொண்டே வருகிறது. ஆளில்லாத இரண்டு சின்னச் செயற்கைக்கோள்களை மேலே அனுப்பி, ஒன்றை மற்றொன்று துரத்திப் பிடித்து ஒட்டிக்கொள்ள வைப்பதில், அதாவது டாக்கிங்கில், கிடைக்கும் நிறைவுதான் காரணம். நிலவில் இறங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் 2011-ல் வெளியிட்ட விளையாட்டு இது. டாக்கிங் வசதி 2012 டிசம்பரில் சேர்ந்தது, முழுப் பதிப்பு 2015-ல் வந்தது. இதில் வரும் கெர்பின் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். காற்று 70 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதற்கு மேலே விநாடிக்கு 2.2 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் இருந்தால் சுற்றுப்பாதை. நிஜப் பூமிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அளவைத்தான் சுருக்கியிருக்கிறார்கள், இயக்கவியலில் பெரிதாகக் கை வைக்கவில்லை.

செயற்கைக்கோளைக் கட்டும்போதே பாதி டாக்கிங் முடிந்துவிடுகிறது என்பேன். ஒரு மூளைப் பெட்டி, பேட்டரி, சோலார் தகடு, சின்ன எரிபொருள் தொட்டி, முகப்பில் மற்ற கலத்தோடு ஒட்டிக்கொள்ளும் டாக்கிங் போர்ட். ஸ்டேபுட்னிக் என்ற உருண்டை மூளை மலிவுதான், ஆனால் அதற்குத் திசையைப் பிடித்து நிற்கத் தெரியாது. இந்த வேலைக்கு அது வேண்டவே வேண்டாம். போர்ட்டைத் திருப்பி மாட்டிவிட்டால் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது, மேலே போனதும் ஒட்டவே ஒட்டாது. அளவும் பொருந்த வேண்டும். ஜூனியர் எனும் சின்ன போர்ட் இன்னொரு ஜூனியரோடு மட்டும்தான் சேரும்.

முக்கியமானது ஆர்சிஎஸ் எனும் சின்ன உந்துகுழாய்கள். கட்டும் கூடத்தில் ஒரு பொத்தானைத் தட்டினால் எடை மையம் மஞ்சள் கறுப்புப் பந்தாகத் தெரியும். குழாய்களை அதற்கு மேலும் கீழும் சம தூரத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் நகரச் சொன்னால் கலம் திரும்பிக்கொள்ளும். அதோடு, தொட்டி காலியாக ஆக எடை மையமும் நகரும். அதனால் தொட்டியைப் பாதி காலி செய்து வைத்து ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஏவுதளத்துக்கு அனுப்புவேன்.

அடுத்தது துரத்திப் பிடிப்பது. இதை ஒருவருக்கு விளக்குவதைவிடச் செய்ய விட்டுப் பார்ப்பது நல்லது. அக்காவை ஏற்காட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், காபித் தோட்டம். மழை பிடித்துக்கொண்டால் அங்கே இன்டர்நெட்டும் கிடையாது, வெளியே போகவும் முடியாது. நல்லவேளையாக இந்த விளையாட்டுக்கு நெட் வேண்டியதில்லை. அக்கா பையனிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். இரண்டு கலமும் ஒரே பாதையில், சில கிலோமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தன.

“முன்னாடிதானே மாமா இருக்குது? நேரா விட்டா போய்ச் சேர்ந்துராதா?”

“விட்டுப் பாரு.”

விட்டான். தூரம் குறைந்தது, இன்னும் குறைந்தது, அப்புறம் நின்று மெல்ல ஏறத் தொடங்கியது. மறுபடி எஞ்சினை எரித்தான். இன்னும் மோசம். “அது ஓடுது மாமா!” என்றான்.

1965 ஜூனில் நாசாவின் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கும் இதேதான் நடந்தது. தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற பாகத்தை நெருங்க, அதைக் குறிவைத்து உந்திப் பார்த்தார். முடியவில்லை, எரிபொருள் குறைந்ததும் கைவிட்டார்கள். முன்னோக்கி உந்தினால் வேகம் கூடும், வேகம் கூடினால் பாதை பெரிதாகும், பெரிய பாதையைச் சுற்றி முடிக்க நேரம் அதிகமாகும், கடைசியில் பின்தங்கிவிடுவோம். சேலம் சுகவனேசுவரர் கோயிலில் உள் பிராகாரம் சுற்றுபவர் வெளிப் பிராகாரம் சுற்றுபவரை முந்துவது மாதிரிதான், பிடிக்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். விளையாட்டில் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 32 நிமிடம் 40 விநாடி. 80-ல் 31 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் லாபம். தாழ்வான பாதையில் காத்திருந்து, இடைவெளி சரியாக வந்ததும் மேலே ஏறினால் இலக்கின் பக்கத்தில் போய் நிற்கலாம். இது புரிந்தபிறகு பையன் லேப்டாப்பைத் திருப்பித் தரவில்லை.

இனி கடைசி நூறு மீட்டர். இலக்கைப் பொறுத்த வேகத்தை முதலில் சுழியமாக்க வேண்டும். இரண்டு கலத்தையும் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி, நம் போர்ட்டில் ‘கன்ட்ரோல் ஃப்ரம் ஹியர்’, இலக்கின் போர்ட்டில் ‘செட் ஆஸ் டார்கெட்’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் மூலையில் இருக்கும் முள்கள் நீல நிறமாகும், அதன்பிறகு ஒவ்வொரு தட்டும் மெல்லியதாக விழும். ‘H’ விசையை அழுத்தினால் முன்னே, ‘N’ விசையை அழுத்தினால் பின்னே. இதற்குப்பிறகு நான் கலத்தைப் பார்ப்பதே இல்லை, கீழே இருக்கும், திசை காட்டும் உருண்டையான நேவ்பால் மட்டும்தான். நாம் போகும் திசையைக் காட்டும் மஞ்சள் வட்டம் இலக்கின் இளஞ்சிவப்புக் குறியின்மேல் உட்கார வேண்டும். அது உட்காராது, வலப்பக்கம் ஒதுங்கும். இடப்பக்கம் ஒரு தட்டு. வரும், தாண்டிப் போகும். எதிர்ப்பக்கம் அரைத் தட்டு. பத்து மீட்டருக்குள் வந்தால் விநாடிக்கு 0.2 மீட்டர் வேகம் போதும். கிட்டே வந்ததும் ஒரு கலத்தின் திசையைப் பிடித்து நிறுத்தும் எஸ்ஏஎஸ்ஸை அணைத்துவிட்டால், போர்ட்டில் இருக்கும் காந்தம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். சடக்கென்று கேமரா ஒரு குதி குதித்து இரண்டு கலமும் ஒன்றாகிவிடும்.

இஸ்ரோவின் டாக்கிங் சோதனையான ஸ்பேடெக்ஸ் 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பியபோது, இதை விளையாடியவர்களுக்குச் செய்தி வேறு மாதிரி கேட்டிருக்கும். தலா சுமார் 220 கிலோ எடையில் இரண்டு செயற்கைக்கோள்கள், 475 கிலோமீட்டர் உயரம். இடையில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகியதால் தேதி தள்ளிப்போனது. 15 மீட்டர், அப்புறம் 3 மீட்டர் வரை கொண்டுவந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். “மூணு மீட்டர்ல வந்து ஏன்யா திரும்பிப் போறாங்க?” என்று டீக்கடையில் கேட்டார்கள். எனக்கு அந்த முடிவின்மேல் மரியாதைதான் வந்தது. ஜனவரி 16-ல் இணைத்தார்கள். அவர்கள் திட்டமிட்ட தொடும் வேகம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர், என் 0.2 மீட்டர் அதைப்போல இருபது மடங்கு. நிஜத்தில் எஃப்9 அழுத்திப் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைகள் உண்டு. விளையாட்டு தானாக எதையும் உருப்படியாகச் சொல்லித் தராது. நேவ்பாலில் போர்ட் நேராக இருக்கிறதா என்று தெரியாது. டாக்கிங் போர்ட் அலைன்மென்ட் இண்டிகேட்டர் என்ற இலவச ‘மாட்’டை, அதாவது விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரலை, போட்டுக்கொள்வது நல்லது. மெக்ஜெப் என்ற ‘மாட்’ முழு டாக்கிங்கையும் தானே செய்துவிடும். அதைப் போட்டால் இந்த விளையாட்டு எதற்கு என்பது என் கட்சி. ஒட்டி ஒட்டிப் பெரிதாக்கினால், பாகங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்ததும் சாதாரண லேப்டாப் திணறும். கடிகாரம் மஞ்சளாகி, நிஜத்தில் இரண்டு விநாடி ஆனால் உள்ளே ஒன்றுதான் ஓடும். கூடவே, நீளமான கூட்டுக்கலம் காரணமில்லாமல் ஆட ஆரம்பித்து உதிர்வதும் உண்டு. ஆட்டக்காரர்கள் அதற்கு ‘கிராக்கன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சின்னச் செயற்கைக்கோள்களோடு நிறுத்திக்கொண்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

வாங்குபவர்கள் முதல் பாகத்தை வாங்குங்கள். இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் அரைகுறையாக வந்து, 2024-க்குப் பிறகு அப்படியே நிற்கிறது. முதல் பாகத்தின் 1.12 பதிப்பில் டாக்கிங் போர்ட்டை ஒட்டியபிறகும் சுழற்றி நேராக்கிக்கொள்ளலாம், சோலார் தகடுகள் கோணலாக நிற்பது போகும். ஸ்டீம் எனும் இணைய விளையாட்டுக் கடையில் தள்ளுபடி அடிக்கடி வரும், முழு விலை கொடுக்க வேண்டாம். எட்டு ஜிபி ராம் இருந்தால் ‘மாட்’ அதிகம் போடாமல் ஓட்டலாம். சேலத்தில் மாதாந்தர மின்தடை நாளில் பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால், கிராஃபிக்ஸைக் குறைத்துவிட்டு, நெருங்கும் கட்டம் தொடங்கும் முன்பே எஃப்5 அழுத்திச் சேமித்துவிடுங்கள்.