ஜியோலைட்2: நாட்டை நம்பலாம், நகரத்தை யோசித்து நம்புங்கள்

ஒரு ஐபி முகவரி எந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கிறது என்று காட்ட மேக்ஸ்மைண்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் தரவுத்தளம் ஜியோலைட்2. கணக்குத் தொடங்கி லைசென்ஸ் கீ வாங்கினால் கோப்பை இறக்கி நம் சர்வரிலேயே வைத்துத் தேடலாம். புதுப் பதிப்பு வந்த 30 நாளுக்குள் பழையதை அழித்துவிட வேண்டும் என்பது உரிம நிபந்தனை. வேகத்தில் குறையே இல்லை.

குழப்பம் 'பிளாக்', அதாவது அடுத்தடுத்த முகவரிகளின் தொகுதி, என்ற சொல்லில்தான். ஒரு நிறுவனத்துக்கு ஏப்நிக் (ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபி முகவரிகளை ஒதுக்கும் அமைப்பு) போன்ற பதிவகம் /22, அதாவது 1,024 முகவரிகள் ஒதுக்கியிருக்கும். அதையே அந்த நிறுவனம் பிஜிபி (இணைய வலையமைப்புகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) வழியாக நான்கு /24 ஆக, அதாவது 256 முகவரிகள் கொண்ட நான்கு துண்டுகளாக, அறிவிக்கலாம். ஜியோலைட்2 அதை நகரவாரியாக இன்னும் நறுக்கி /26, அதாவது 64 முகவரிகள், என்று காட்டலாம். மூன்றும் சரிதான், ஆனால் கேள்விகள் வேறு. பிளாக் யாருடையது என்று அறிய பதிவகங்களின் உரிமையாளர் விவரம் தரும் ஆர்டாப் அல்லது ஹூஇஸ் சேவையில் பதிவைப் பாருங்கள். ஃபயர்வாலில் தடை போடுமுன் இதைச் செய்யாவிட்டால், ஒன்று குறி தப்பும், இல்லையேல் சம்பந்தமில்லாதவர்களும் மாட்டுவார்கள்.

ஹூஇஸ் பதிவில் உள்ள நாட்டுக் குறியீட்டை இருப்பிடமாக எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது முகவரியை வாங்கிய நிறுவனத்தின் நாடு.

இருப்பிடம் என்பது ஊகம். ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரில் (ஐபி முகவரிக்குப் பதிந்துள்ள சர்வர் பெயர்) ஒளிந்திருக்கும் விமான நிலையக் குறியீடு ஒரு துப்பு. பிங் நேரம் (ஒரு செய்தி அந்த முகவரிக்குப் போய்வர ஆகும் நேரம்) இன்னொன்று: ஃபைபரில் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கி.மீ. போகும். போய்வர 10 மில்லிசெகண்ட் என்றால் அளக்கும் இடத்திலிருந்து 1,000 கி.மீ.க்குள் இருக்கிறது, அவ்வளவே சொல்லலாம். மொபைல் இணைப்பில் நூற்றுக்கணக்கானோர் ஒரே பொது முகவரியில் வெளிவருவதால் அவர்களை இணையத்தோடு இணைக்கும் கேட்வே இருக்கும் ஊர்தான் தெரியும். விபிஎன் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைப்பது தப்பு. கூடவே வரும் அக்யூரஸி ரேடியஸ், அதாவது உண்மையான இடம் எவ்வளவு தள்ளி இருக்கக்கூடும் என்ற மதிப்பீடு, கிலோமீட்டரில் இருக்கும். அந்த அளவுக்கு வட்டம் போடுங்கள். அமெரிக்கா என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் மேக்ஸ்மைண்ட் நாட்டின் நடுவே ஒரு புள்ளியைக் காட்டியதால், கேன்சஸில் ஒரு பண்ணை வீட்டார் செய்யாத குற்றத்துக்கு விசாரணைகளைச் சந்தித்தனர். 2016-இல் செய்தியான பிறகு அந்தப் புள்ளி ஒரு ஏரிக்கு நகர்ந்தது.

உங்கள் பிளாக்கே தவறான ஊரைக் காட்டினால் ஜியோஃபீட், அதாவது எந்த முகவரிகள் எந்த ஊரில் என்று நீங்களே அறிவிக்கும் கோப்பு, எழுதுங்கள். ஆர்எஃப்சி 8805 என்ற இணைய ஆவணம் சொல்லும் வடிவம் எளிது: வரிக்கு ஒரு பிளாக், பிறகு நாடு, மாநிலம், நகரம், காற்புள்ளி இட்டு. அதன் இணைப்பைப் பதிவகப் பதிவில் சேர்த்து, மேக்ஸ்மைண்டின் திருத்தப் படிவத்தையும் நிரப்புங்கள். அடுத்த பதிப்பை இறக்காதவர்களிடம் பழைய ஊர்தான் தொடரும்.