ஸ்பைருலினா தூள், 100 கிராம் பக்கட்: நீலம் உண்டு, லேபிள்தான் கெடுக்கிறது

ஸ்பைருலினா என்பது உலர்த்தித் தூளாக்கி விற்கும் நீலப்பச்சைப் பாசி. இது ஹட்டன் பக்கத்துக் கடையொன்றில் வாங்கிய பக்கட். கேக் ஐசிங்குக்கு நீலச் சாயம் எடுக்க உதவுமா என்று மட்டுமே பார்த்தோம்.

தூள் நல்லது: கரும்பச்சை, மாவு போல நைசு, கருகல் வாசம் இல்லை. கோளாறு லேபிளில். "வெந்நீரில் கலக்கி தேசிக்காய் பிழியவும்" என்கிறது. குடிக்க அது சரி. நீலத்துக்கு இரண்டுமே எமன். நீலம் தருவது பைக்கோசயனின் என்ற புரதம். 45 பாகை செல்சியஸைத் தாண்டினால் வெளிறத் தொடங்கும். பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4 அளவுக்குப் புளித்தால் பால் திரிவதுபோலத் திரிந்து அடியில் படியும்.

எடுக்கும் முறைக்கு ஸ்பிரிட்டோ வேறு கரைப்பானோ தேவையில்லை. 10 கிராம் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, ஆறவைத்த கொதிநீரால் 200 மில்லிலீட்டராக்குங்கள். இரவு பிரீசரில் உறையவிட்டு, மறுநாள் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் உருகவிடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. உறையும் பனிக்கட்டி செல்லைக் கிழித்துவிடும். ஸ்பைருலினாவுக்குத் தடித்த செல்லுலோஸ் சுவர் கிடையாது என்பதால் இதுவே போதும். குளோரெல்லா என்ற வேறொரு பச்சைப் பாசியின் பக்கட்டை வாங்கிவிடாதீர்கள், அதில் இந்த நிறமியே இல்லை.

வடிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். வழவழப்பு கோப்பி பில்டரை அடைத்துவிடும். அசையாமல் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் முதலில் இரட்டைத் துணியிலும் பிறகு பில்டரிலும் ஊற்றுங்கள். பிழியக் கூடாது. பிழிந்தால் பச்சைத் துகள் இறங்கும்; பச்சையம் தண்ணீரில் கரையாது, ஆகவே சாறு பச்சையாகத் தெரிந்தால் வடித்தது போதவில்லை என்று அர்த்தம். நல்ல சாறு ஊடே பார்த்தால் நீலம், வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் சிவப்பாக மினுங்கும். ஆய்வுகூட வசதி உள்ளவர்கள் சாறு 620 நனோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவை 280 நனோமீட்டரில் உறிஞ்சும் அளவால் வகுத்துத் தூய்மையைப் பார்க்கலாம்: 0.7 அல்லது அதற்கு மேல் வந்தால் உணவுத் தரம்.

நுவரெலியாக் குளிர் இந்த வேலைக்கு இலவச உதவி. ஆனாலும் புரதச் சாறு, வெளியே வைத்தால் நாறும். சம எடை சீனி கரைத்து, இருண்ட போத்தலில் பிரிஜ்ஜில் வையுங்கள். பட்டர் ஐசிங்குக்கும் கிறீமுக்கும் அருமை. அவனில் வேகும் கேக் மாவுக்கு வீண்.

இன்னொரு குறை, பக்கட் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். வெளிச்சமும் இந்த நிறமியைத் தின்னும். கடை வாசலில் தொங்குவதை விட்டு, உள் தட்டில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.