அரிசியா, சிறுதானியமா, பொட்டல மாவா: சீலியாக் நோயாளி வீட்டுக்கு எது பொருந்தும்?

வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் வேலூர்ப் பகுதியிலும் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, கோதுமையில் உள்ள ஒரு புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள், வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்திலும் தெற்கில் 0.10 பேரின் இரத்தத்திலும் இருப்பதாகக் கண்டது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகைகள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு. வடக்கில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 455 கிராம், தெற்கில் 25 கிராம். நோய் நம்மிடையே அரிது என்பது ஆறுதல்தான் என்றாலும், அரிதாக இருப்பதாலேயே இங்கே இந்நோய் வந்தவர் தம் உணவைத் தாமே ஆராய்ந்து தேர்ந்தெடுக்க வேண்டியவராகிறார்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பையே தாக்குகிறது. அதை ஆயுள் முழுவதும் விலக்குவதைத் தவிர வேறு சிகிச்சை இல்லை. ‘குளூட்டன் அற்றது’ என்று அச்சிட்டு விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எனவே தானியத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த வழியாக வீட்டுக்கு வந்தது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலிடம் அரிசிக்குத்தான். இட்லி, இடியாப்பம், ஆப்பம், புட்டு என்று நம் பலகாரங்களில் பாதி, எதையும் மாற்றாமலே நோயாளியின் தட்டுக்குப் பொருந்துகின்றன. பச்சரிசியையும் உளுந்தையும் வீட்டுக் கிரைண்டரில் அரைக்கும்வரை கலப்புக்கு வழியும் குறைவு. அரிசியின் குறை சத்தில் இருக்கிறது: உறிஞ்சும் திறன் கெட்ட குடலால் இரும்பும் கால்சியமும் ஏற்கெனவே குறைந்துபோனவருக்கு, தீட்டிய வெள்ளை அரிசி அவ்விரண்டையும் அதிகம் தருவதில்லை. இன்னொரு சிக்கல் சோற்றில் இல்லை, சாம்பாரில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பெருங்காயம், தூளானாலும் கட்டியானாலும், பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துச் செய்த கூட்டுப் பெருங்காயம். உறையின் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்குவது நல்லது. கிடைக்காவிட்டால் பெருங்காயமே இல்லாத சாம்பார் ஒன்றும் குறைந்துபோய்விடாது.

சத்தில் சிறுதானியங்கள் அரிசியை வெகுவாக முந்துகின்றன. நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. கம்பில் இரும்புச் சத்து அதிகம். தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. ஆனால் ஏமாறுவதற்கும் இங்கேதான் வாய்ப்பு மிகுதி. தெருமுனை மாவு மில்லில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துப் போயிருந்தால், அந்த இயந்திரத்தில் தங்கிய மாவு நம் கேழ்வரகோடு வந்துவிடும். ‘கொஞ்சம் தானே’ என்று மில்காரர் சொல்லும் அந்தக் கொஞ்சம், 20 மில்லிகிராம் எல்லையை எளிதாகத் தாண்டும். முழுத் தானியமாக வாங்கி, பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரைப்பதுதான் பாதுகாப்பு. சிறுதானிய பிஸ்கட், சேமியா போன்றவற்றில் மைதா கலந்திருப்பது சாதாரணம். சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்ப்பது பலர் வீட்டு வழக்கம். கேழ்வரகு மால்ட்டுக்கும் பார்லி மால்ட் கலந்த சத்துப் பானங்களுக்கும் பெயர்தான் ஒன்று. ‘பாரம்பரியம்’ என்ற சொல்லை நம்பிச் சம்பா கோதுமைக்கு மாறுவோரும் உண்டு. அதுவும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு.

பொட்டலத்தில் வரும் குளூட்டன் அற்ற மாவின் பலம் ஒன்றே: அதன் மேல் அச்சிட்டிருக்கும் உறுதி. சப்பாத்தி இல்லாமல் இரவுச் சாப்பாடு இறங்காத வீடுகளுக்கும், பிறந்தநாள் கேக் கேட்கும் குழந்தைக்கும் அது தேவைப்படலாம். ஆனால் குளூட்டனின் பிசுக்கை ஈடுசெய்ய மரவள்ளி, மக்காச்சோள மாவுச்சத்தும் ஒட்டும் பசைகளும் சேர்ப்பதால், பல மாவுகளில் நார்ச்சத்தும் புரதமும் குறைவு. விலையோ சாதாரண மாவைப் போலப் பல மடங்கு. அரிசியே அடிப்படை உணவாக உள்ள வீட்டில் இதை மாதச் சாமான் பட்டியலில் சேர்ப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

ஓட்ஸ் பற்றி ஒரு சொல்: கோதுமை கலவாமல் தனியே பதப்படுத்தியதைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வர், சிலர் தாங்குவதில்லை, மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் நோய் என்றால், என் தேர்வு எல்லோருக்கும் அரிசியும் வாரத்தில் மூன்று நான்கு நாள் கேழ்வரகோ கம்போதான். மற்றவர்களுக்குச் சப்பாத்தி வேண்டுமானால், அதற்குத் தோசைக்கல்லும் பூரிக்கட்டையும் தனி. பூரி பொரித்த எண்ணெயில் வடை போடுவதும் கூடாது.