அப்பான்ர கசெட்டுகளுக்கு விலாசம் தேடித் தந்த பீட்ஸ்

அப்பான்ர கசெட், சீடி எல்லாத்தையும் டவுனில ஒரு கடையில குடுத்து எம்பி3 ஆக்கி ரெண்டு வருசம் ஆகுது. ஆனா ஒண்டையும் தேடி எடுக்கேலாது, எல்லாத்துக்கும் ட்ராக் 01, ட்ராக் 02 எண்டுதான் பேர் போட்டுத் தந்திருக்கினம். போன மாசம்தான் பாட்டு ஃபைலுகளுக்குப் பேர் போட்டு ஒழுங்குபடுத்திற பீட்ஸ் (beets) போட்டுப் பாத்தன், முதலே தெரியாமப் போச்சே எண்டு சரியான கவலை.

அது டெர்மினலில, எண்டா கட்டளை அடிக்கிற விண்டோவில, ஓடுற பைதன் புரோகிராம், காசு இல்லை. ‘பீட் இம்போர்ட்’ (beet import) எண்டு அடிச்சு ஃபோல்டரைக் காட்டினாச் சரி, அது மியூசிக்பிரெய்ன்ஸ் எண்ட, ஆக்கள் தாங்களே அல்பம் விவரங்களை ஏத்திற இணைய டேட்டாபேஸில போய்த் தேடி இந்த அல்பம்தான், இத்தனை வீதம் பொருந்துது எண்டு காட்டும், வடிவாப் பொருந்தினா தானே எடுக்கும், சந்தேகம் எண்டா உங்களைக் கேட்டிட்டுத்தான் கை வைக்கும். அதுதான் எனக்கு நல்லாப் பிடிச்சது. இளையராஜான்ர பேரை இங்கிலீசில மூண்டு விதமா எழுதினதால மூண்டு ஆக்கள் மாதிரிக் கிடந்தவர் இப்ப ஒராள், ஏனெண்டா அங்க ஒரு கலைஞருக்கு ஒரு பதிவுதான், மற்ற எழுத்துக்கூட்டல் எல்லாம் அதுக்குக் கீழ மாற்றுப்பேரா இருக்கும். ஒரே அல்பம் கசெட்டிலயும் சீடியிலயும் வந்திருந்தா ரெண்டும் வேற வேற வெளியீடு, வருசத்தையும் நாட்டையும் பாத்துத் தெரிவு செய்யுங்கோ.

பேரே இல்லாத ஃபைலுக்கு குரோமா (chroma) எண்ட பிளகின், எண்டா பீட்ஸோட சேர்த்துப் பூட்டுற துண்டு, இருக்கு, பாட்டின்ர ஒலியை வச்சே பிடிக்கும். சீடிக்கு நல்லா வேலை செய்தது, கசெட் வேகம் மாறி ஓடினதுக்கு கஷ்டம்தான். ஒரு விசயம், புது வெர்ஷனில பிளகின் லிஸ்டை நீங்களா எழுதினா ‘மியூசிக்பிரெய்ன்ஸ்’ (musicbrainz) எண்டதையும் அதில சேர்க்கவேணும், இல்லாட்டி ஒண்டுமே தேடாது, நான் ஒரு பின்னேரம் முழுக்க அதோட மல்லுக்கட்டினனான். மற்றது, சும்மா விட்டா எல்லா ஃபைலையும் கொப்பி பண்ணும், டிஸ்க் நிரம்பிடும், முதலே கொன்ஃபிக் எண்ட செட்டிங்ஸ் ஃபைலில மாத்துங்கோ. செக்கனுக்கு ஒரு கேள்விக்கு மேல மியூசிக்பிரெய்ன்ஸ் சேர்வர் விடாது, அதால பெரிய தொகுப்பெண்டா இரவு விட்டிட்டுப் படுங்கோ. நடுவில கரண்ட் போனாலும் பயமில்லை, திரும்ப அடிக்க விட்ட இடத்தில இருந்து தொடரவோ எண்டு கேக்கும்.

எங்கட நாதஸ்வரம், தவில் கசெட் கனக்க மியூசிக்பிரெய்ன்ஸில இல்லை. அது பீட்ஸின்ர பிழை இல்லை, ஆரும் ஏத்தேல்லை, அவ்வளவுதான். கோயில் திருவிழாவில அப்பா தானே பதிஞ்சதுகள் வெளியீடே இல்லை, அதுகளை ‘உள்ளபடியே’ எண்டு விட்டிட்டன். ஆனா கடையில வித்த கசெட் எண்டா நீங்களே அங்க எக்கவுண்ட் திறந்து சேர்க்கலாம், சேர்த்தா வாற ஐடியை பீட்ஸில ஒட்டினா உடன எடுக்கும். நான் ரெண்டு சேர்த்திட்டன். யாழ்ப்பாணத்துத் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின்ர கசெட் ஒண்டு மட்டும் கவர் இல்லாமக் கிடக்கு, மனிசன் 1975 இலயே காலமாயிட்டார், எந்த வருசப் பதிப்பெண்டு கவர் பாக்காமல் எழுத எனக்கு மனம் வரேல்லை. இணுவில், அளவெட்டிப் பக்கம் ஆற்றையும் வீட்டில தவில் கசெட் கவர் இருந்தா முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துப் போடுங்கோ, ஏத்திற வேலையை நான் செய்யிறன்.