பைதான் ட்யூட்டர்: கிளாஸுக்குள் மாறிகள் படும் பாட்டைப் பார்க்க ஒரு தளம்

ஒரு பெயரை எந்த இடம் வரைக்கும் பயன்படுத்தலாம் என்பது ஸ்கோப். அந்தப் பெயர் சுட்டும் ஆப்ஜெக்ட் எதுவரை நினைவகத்தில் இருக்கும் என்பது ஆயுள். கிளாஸ் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) எழுதப் பழகும்போது வரும் குழப்பத்தில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது. நிரல் ஓடுவதைப் படிப்படியாகப் படமாக வரைந்து காட்ட ஃபிலிப் குவோ 2010-ல் உருவாக்கிய பைதான் ட்யூட்டர் இவற்றைத் திரையிலேயே பிரித்து வைத்துவிடுகிறது. இடப்பக்கம் ஃபிரேம்கள் (அந்தந்த நேரம் ஓடும் பகுதியின் பெயர்களை வைத்திருக்கும் பெட்டிகள்), வலப்பக்கம் ஆப்ஜெக்டுகள், நடுவில் அம்புகள். இலவசம், பிரவுசர் போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஜாவா, சி, சி++, ஜாவாஸ்கிரிப்ட்டும் ஓடும்.

இதன் அருமை தெரிய எட்டு வரி போதும். 'அக்கவுண்ட்' என்று ஒரு கிளாஸ்; அதற்குள் நேரடியாக 'கவுண்ட் = 0'; ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடில் 'செல்ஃப்.கவுண்ட் += 1' ('செல்ஃப்' என்பது அந்த ஆப்ஜெக்ட்). இரண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கிவிட்டு நெக்ஸ்ட் பட்டனை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கவுண்ட் 2 ஆகியிருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். கிளாஸின் பெட்டியில் 0 அசையாமல் இருக்கும். ஒவ்வொரு ஆப்ஜெக்டின் பெட்டியிலும் புதிதாக ஒரு கவுண்ட் முளைத்து 1 காட்டும். += செய்யும்போது பைதான் பழைய மதிப்பைக் கிளாஸிலிருந்து வாசித்தது, புதியதை ஆப்ஜெக்டில் எழுதிவிட்டது. 'அக்கவுண்ட்.கவுண்ட் += 1' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

எண்ணுக்குப் பதில் காலி லிஸ்ட் வைத்துப் பாருங்கள், கதையே வேறு. அப்பெண்ட் செய்தால் (கடைசியில் ஒன்றைச் சேர்த்தால்) ஆப்ஜெக்டில் எதுவும் முளைக்காது. எல்லா ஆப்ஜெக்டுகளும் கிளாஸில் இருக்கும் ஒரே லிஸ்ட்டில்தான் போட்டுக்கொண்டிருக்கும். அதையே += கொண்டு சேர்த்தால் இன்னும் விசித்திரம்: கிளாஸின் லிஸ்ட்டும் மாறும், ஆப்ஜெக்டிலும் அதே பெயர் வரும், இரண்டு அம்பும் ஒரே லிஸ்ட்டைக் குத்தி நிற்கும். பக்கம் பக்கமாக விளக்கினாலும் இந்த ஒரு படத்துக்கு ஈடாகாது. ஆளுக்கொரு லிஸ்ட் வேண்டுமென்றால் இனிட்டுக்குள் 'செல்ஃப்' வழியாக உருவாக்குவதே வழி.

மெத்தடுக்குள் 'செல்ஃப்' போடாமல் வெறும் 'கவுண்ட்' என்று எழுதினால் ஏன் நேம் எரர் (அப்படியொரு பெயர் இல்லை என்ற பிழை) வருகிறது என்பதும் இங்கே புரியும். கிளாஸின் உடல் ஓடும்போது இடப்பக்கம் அதற்கொரு ஃபிரேம் திறக்கும். ஓடி முடிந்ததும் மூடிக்கொண்டு வலப்பக்கம் ஆப்ஜெக்டாகப் போய் உட்காரும். பிறகு அழைக்கப்படும் மெத்தட் அந்த ஃபிரேமில் தேடுவதில்லை.

ஆயுள் விஷயத்தில் தளம் அவ்வளவு நம்பகமில்லை. மெத்தட் ரிட்டர்ன் ஆனதும் அதன் உள்ளூர் மாறிகள் மறைவதையும், 'செல்ஃப்'பில் சேமித்த ஆப்ஜெக்ட் மட்டும் தங்குவதையும் நன்றாகக் காட்டும். ஆனால் அது வரைவது பெயர்கள் வழியாக எட்டக்கூடியவற்றை மட்டுமே. ஒன்றையொன்று சுட்டும் இரண்டு ஆப்ஜெக்டுகளின் பெயர்களையும் அழித்தால் படத்திலிருந்து உடனே காணாமல் போகும். ஆனால் சிபைதானில் (நாம் வழக்கமாக இன்ஸ்டால் செய்யும் பைதான்) அவை கார்பேஜ் கலெக்டர், அதாவது பயனற்ற ஆப்ஜெக்டுகளை நீக்கும் பகுதி, வந்து கூட்டும்வரை நினைவகத்தில் கிடக்கும். இன்னொன்று: முடிந்த ஃபிரேம்களையும் காட்டும் ஆப்ஷன் உண்டு. ஆயுளைப் பார்க்கும்போது அதைத் தொடாதீர்கள், செத்தது உயிரோடு இருப்பதுபோல் தெரியும்.

1000 படிகளுக்கு மேல் ஓடாது. பெரிய லூப் என்றால் ரேஞ்சை 3, 4 ஆகக் குறையுங்கள். பல ஃபைல்களாகப் பிரித்த புராஜெக்டுக்கு இது ஆகாது, அதற்கு ஐடிஇ-யில் (நிரல் எழுதும் மென்பொருள்) உள்ள, பிழை தேட உதவும் டீபக்கரே சரி. மொபைலில் அம்புகள் நெருக்கிக்கொண்டு கண்ணைக் கட்டும், லேப்டாப்பில் திறந்து பாருங்கள். நிரல் உங்கள் கணினியில் ஓடுவதில்லை, சர்வருக்குப் போகிறது. ஆபீஸ் கோடை அப்படியே ஒட்டாமல், சிக்கல் இருக்கும் பத்து வரியைப் பெயர் மாற்றி எழுதிப் போடுங்கள்.