சீக்கிரம் படுப்பதா, ஒரே நேரத்தில் எழுவதா?

ஓர் இரவு தூக்கம் கெட்டுவிட்டால் மறுநாள் 9 மணிக்கே படுக்கையை விரிப்பவர்கள்தான் அதிகம். இன்னொரு வழியும் உண்டு. இரவு எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்திருந்தாலும், காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிடுவது. தூக்கம் பிடிக்காமல் அவதிப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. அது கூடக் கூடத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்; தூங்கும்போது குறைந்துவிடும். காலை 10 மணிவரை தூங்கியவர் இரவு 10 மணிக்குப் படுத்தால், அவருக்குச் சேர்ந்திருப்பது 12 மணி நேரச் சேமிப்பு. 6 மணிக்கு எழுந்தவருக்கு 16 மணி நேரம். யாருக்கு முதலில் கண் செருகும்?

உடலின் கடிகாரமும் இதே பக்கம்தான். காலை வெளிச்சம் கண்ணில் படும் நேரத்தை வைத்தே அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. சீக்கிரம் படுப்பவர்கள் அறியாத ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் இந்தக் கடிகாரம் நம்மை மிக விழிப்பாக வைத்திருக்கிறது. உடம்பு அசந்திருந்தும் 9 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பது அதனால்தான். அது அவர்கள் குற்றமல்ல.

சீக்கிரம் படுப்பது சரியாகிற இடமும் உண்டு. படுத்ததும் தூங்கிவிடுகிறார், ஆனால் நள்ளிரவில் படுத்து 5 மணிக்கு எழுகிறார் என்றால் அவருடைய குறை நேரம்தான். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். அவர் சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுத்துப் பழகலாம்.

தூக்கம் வராதபோது புரண்டுகொண்டே கிடப்பதா, எழுந்துவிடுவதா? எழுந்துவிடுங்கள். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-லேயே சொன்ன முறை இது. சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பி வரவேண்டும். படுக்கை என்றாலே விழிப்பு என்று மனம் பழகிப்போவதை இது உடைக்கிறது. மணி பார்க்காதீர்கள், 20 நிமிடத்தை உத்தேசமாக வைத்துக்கொண்டால் போதும்.

மதியச் சோர்வுக்குக் காபியா, குட்டித் தூக்கமா என்றால் 3 மணிக்கு முன் 20 நிமிடத் தூக்கமே மேல். காபி அடினோசினைக் குறைப்பதில்லை, அது வேலை செய்யவிடாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கு 5 மணி நேரம் ஆகும். இரவில் தூக்கமே வராதவருக்கு இரண்டும் வேண்டாம்.

மாத்திரையா, பழக்கத்தை மாற்றும் சிகிச்சையா? நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பின்னதைக் கொடுக்கும்படி அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பது, 8 மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி வழிவது: இவை இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். அவர்கள் மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். குறட்டையும் மூச்சுத்திணறலும் தூங்குபவருக்குப் பெரும்பாலும் தெரியாது என்பதால், பக்கத்தில் படுப்பவர் கண்டதையும் சொல்லச் சொல்லுங்கள்.